நாங்கள் மூன்று பேர்

அவரிடம் யாரும் ‘தனியாளா?’ என்று கேட்டுவிடக் கூடாது. கேட்டவர்கள் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். மேலப்பாளையம் பேருந்து நடத்துநர் ஒருமுறை. சந்தை முக்கு மருந்துக்கடைக்காரர் இரண்டு முறை.

“என்ன தம்பி, இங்கன தனியாத்தான் கெடக்கியளா?”

நடந்துகொண்டிருக்கிறவர் நிற்பார். கையிலிருக்கும் பையைத் தரையில் வைப்பார். வலது கையை நெஞ்சுக்கு நேரே தூக்கி மூன்று விரல்களை விரிப்பார்.

“இல்ல அண்ணாச்சி. நாங்க மூணு பேரு. ரெண்டு பேரு வந்துக்கிட்டு இருக்காவ.”

“எங்கேருந்து?”

“ஈரான்ல இருந்து.”

“எப்ப வாராவ?”

“அது தெரியாது. வாராவ. அது தெரியும்.”

அவர் பையை எடுத்துக்கொண்டு போவார். முதுகு நேராக இருக்கும். கையில் ஒன்றுமே இல்லாத காலத்திலும் முதுகை நிமிர்த்தி நடந்தவர், நான் பார்த்த வரையில், அவர் ஒருவர்தான். நான் ஓரிடத்தில் அரை மணி நேரம் உட்காரத் தெரியாதவன். எதையோ தவறவிட்டுத் தேடிப் போகிறவன் மாதிரிதான் எப்போதும் நடப்பேன். அவரோடு நடந்த நாட்களில் மட்டும் நானும் கொஞ்சம் நேராக நடந்தேன்.

அவர் ஆப்கானிஸ்தானத்துக்காரர். அதிலும் நடு மலைநாட்டு ஹஸாரா இனத்தவர். மேடிட்ட கன்னம், இடுங்கிய கண்கள், தட்டையான மூக்கு. காபூல் தெருவில் நின்றால் எந்த ஊர், எந்தக் கூட்டம் என்று யாரும் கேட்க வேண்டாம், முகமே சொல்லிவிடும். அந்த முகத்துக்காகவே தலைமுறை தலைமுறையாகத் துரத்தப்பட்டவர்கள். “எங்க மூஞ்சிதான் அண்ணாச்சி எங்க அடையாள அட்டை. வீட்ல வச்சிட்டு வர முடியாது” என்று ஒருநாள் சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்திய அரசின் உதவித்தொகையில், நீரைப் பற்றிப் படிக்க எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். இரண்டாம் ஆண்டு அங்கே ஆட்சி மாறியது. பிறகு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக முடிந்தன. படிப்பு முடிந்தது, உதவித்தொகை முடிந்தது, கடவுச்சீட்டின் காலம் முடிந்தது. அதைப் புதுப்பித்துக் கொடுக்க அந்தப் பழைய அரசு இல்லை. திரும்பிப் போக முடியாது. இங்கே வேலை பார்க்க உரிமை கிடையாது. டெல்லியில் கொடுத்த அகதி அட்டை ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தாமிரபரணிக் கரையிலேயே நின்றுவிட்டார். அவர் ஊரைவிட்டுக் கிளம்பியபோது மனைவி ஐந்து மாதக் கர்ப்பம். ஆட்சி மாறியதும் அந்தப் பெண் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு எல்லை தாண்டி, ஈரானில் மஷ்ஹத் நகரின் ஓரத்தில் ஒரு தையல் கூடத்தில் சேர்ந்துவிட்டார். இங்கே வர விசா கிடைக்கவில்லை. மகளை அவர் கைபேசிக் கண்ணாடிக்குள்தான் பார்த்திருக்கிறார். முதல் பல், முதல் அடி, முதல் பொய், எல்லாம் அந்தக் கண்ணாடிக்குள்.

எங்கள் ஊரில் அவரைப் பார்த்தவர்கள் எல்லோரும் நேபாளி என்றே முடிவு கட்டினார்கள். டீக்கடையில் ஒருவர், “கூர்க்கா, போன மாசம் காசு வாங்க வரலியே?” என்று கேட்டார். இன்னொருவராக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார். இவர் பஜ்ஜி சுற்றிக் கொடுத்த காகிதத்தை வாங்கி, அதில் எண்ணெய் படாத மூலையில் படம் போட்டார். இது இந்தியா, இது பாகிஸ்தான், இது ஆப்கானிஸ்தான், நடுவில் இந்த மலை, மலைக்குள்ளே எங்கள் ஊர். கேட்ட மனிதர் டீயை ஆறவிட்டுப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப ராத்திரி விசில் ஊதுதது நீங்க இல்லையா?” “இல்ல அண்ணாச்சி. அவரு வேற. அவரு நல்லா ஊதுவாரு.” அன்றிலிருந்து அந்தக் கடையில் அவருக்கு மலைக்காரர் என்று பெயர்.

நான் ஒரு கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுப்பவன். வெளிநாட்டு மாணவர்களுக்கு மாலையில் பேச்சுத் தமிழ் வகுப்பு எடுக்கச் சொல்லிப் பல்கலைக்கழகத்திலிருந்து கேட்டார்கள். நான்கு பேர் வந்தார்கள். இரண்டாவது வாரம் மூன்று பேர் நின்றுவிட்டார்கள். இவர் ஒருவருக்காக நான் பாளையங்கோட்டையிலிருந்து பஸ் பிடித்துப் போனேன். ஆனால் என்னிடம் கற்றதைவிட விடுதிச் சமையற்காரரிடம் கற்றதுதான் அதிகம். அதனால்தான் ஒருநாள் துறைத்தலைவர் அறைக்குள் நிமிர்ந்து போய், “என்னவே, கையெழுத்து ஆச்சா?” என்று கேட்டார். துறைத்தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

அவர் பெருமைப்படுவதற்கு அளவே கிடையாது. கிழக்கே நின்று பொதிகையைக் காட்டி, “எங்க மலையைப் பாத்தியளா?” என்று நான் மார்தட்டினேன். மழைக்காலம் முடிந்த சமயம். மலை நீலமாக, இப்போதுதான் கழுவி வைத்தது மாதிரி இருந்தது. அவர் கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார். “நல்லாருக்கு அண்ணாச்சி. எங்க ஊர்ல இதுல ஆடு மேயும்.” இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் குறுக்குத்துறையில் குளிக்க இறங்கினோம். மார்கழித் தண்ணீர். நான் வெடவெடத்து நிற்க, அவர் மூழ்கி எழுந்து, “யாரு அடுப்பு மூட்டி வச்சிருக்கா? தண்ணி கொதிக்கி” என்றார். அவர் ஊர் ஆற்றில் பனிக்கட்டி மிதந்து வருமாம். ஆனால் ஒன்றை ஒப்புக்கொண்டார். “எங்க ஆறு வேகமா ஓடிரும். யாருக்காகவும் நிக்காது. இது நின்னு விசாரிச்சிட்டுப் போவுது.” அந்த ஒரு வரிக்காக மலையைச் சொன்னதை மன்னித்தேன்.

தண்ணீரை அவர் நம்புவதில்லை, சோதித்துப் பார்க்காமல். படிப்பு முடிந்த பிறகும் மாதத்துக்கு ஒரு நாள் பாபநாசத்திலிருந்து சீவலப்பேரி வரை போய், ஏழெட்டு இடங்களில் சின்னப் போத்தல்களில் ஆற்று நீரைப் பிடித்து வருவார். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு. இடம், தேதி, மணி, கரையிலிருந்து எத்தனை அடி. ஆழ்வார்குறிச்சிப் பக்கம் ஒரு கால்வாய் மதகில், மணி பார்க்க மறந்துவிட்டதால் பிடித்த தண்ணீரை அப்படியே திருப்பி ஊற்றினார். “ஏறக்குறைய ரெண்டரைன்னு எழுதிருங்களேன்” என்றேன். “ஏறக்குறைய ரெண்டரை மணிக்கு வந்த தண்ணி எதுன்னு எனக்குத் தெரியாதே அண்ணாச்சி” என்றார்.

எதிலும் அப்படித்தான். வாசிக்காமல் எதிலும் கையெழுத்துப் போட மாட்டார். கூரியர்காரர் வாசலில் வண்டியை அணைக்காமல் நிற்க, இவர் ரசீதின் பின்பக்கப் பொடி எழுத்தை விரல் வைத்து வாசித்துக்கொண்டிருப்பார். “யோவ், பொட்டலம் வேணுமா வேண்டாமா?” என்று அந்த ஆள் கத்தியிருக்கிறார். “வேணும். ஆனா உடைஞ்சா நீங்க பொறுப்பு இல்லன்னு இங்கன போட்டிருக்கு. இத நான் ஏன் ஒத்துக்கிடணும்?” எனக்கு அப்போதெல்லாம் அது வேடிக்கையாக இருந்தது.

அவருக்கு வீடு தேடி அலைந்தது தனிக் கதை. விடுதியைக் காலி செய்ய வேண்டிய மாதம். நாங்கள் இருவரும் ஏறாத படி இல்லை. முகத்தைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள், பிறகு ஒரே கேள்வி. “குடும்பமா, பேச்சுலரா?” பேச்சுலருக்கு எங்கள் ஊரில் நாய்க்கூண்டுகூடக் கிடைக்காது. நான் ஏதாவது மழுப்பலாகச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர், “குடும்பம். மூணு பேரு” என்பார். “எங்க அவங்க?” “வந்துக்கிட்டு இருக்காவ.” கதவு மூடும்.

மேலப்பாளையத்தில் ஒரு மாடிப் பகுதி. கீழே வீட்டுக்கார அம்மா முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். தெருவே அவரை லாத்தா என்றுதான் கூப்பிட்டது. அங்கே அக்காவுக்கு அந்தச் சொல். அவரும் அதே கேள்வியைக் கேட்டார். இவரும் அதே பதிலைச் சொன்னார். லாத்தாவின் கை நின்றது.

“எத்தன வருசமா வந்துக்கிட்டு இருக்காவ?”

“நாலு.”

“எம் மாப்பிள்ள இருபத்திரெண்டு வருசமா சவூதியிலேருந்து வந்துக்கிட்டு இருக்காவ” என்று தன் கணவரைப் பற்றிச் சொல்லிவிட்டு, லாத்தா அடுத்த இலையை எடுத்தார். “மேல ரூம்ல ஃபேன் மட்டும் கொஞ்சம் சத்தம் போடும். பிள்ளைக்குத் தூக்கம் கெடும். அவ வாரதுக்குள்ள மாத்திரணும்.”

நோன்பு மாதத்தில் பள்ளிவாசல் கஞ்சி வாங்கி வர லாத்தா அவருக்குக் கொடுத்த தூக்குச்சட்டி, மூன்று பேருக்கான தூக்குச்சட்டி.

விடியற்காலை அந்த மாடியில் பள்ளிக்கூடம் நடக்கும். அவர் ஊர்ப் பெண்பிள்ளைகள் பதினோரு பேருக்குக் கைபேசி வழியே கணக்கு சொல்லிக்கொடுப்பார். அங்கே பெரிய பெண்களுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது என்றாகிவிட்டது. ஒரு நாள் நான் போயிருந்தேன். குழாயடிச் சத்தம், பால்காரர் மணி, இதற்கு நடுவே பாரசீகத்தில் முக்கோணம் பற்றி அவர் சத்தமாக விளக்கிக்கொண்டிருந்தார். முழுக்கைச் சட்டை இஸ்திரி போட்டது, காலில் பூட்ஸ். “கேமராவில் கால் தெரியாதே?” என்றேன். “எனக்குத் தெரியுமே” என்றார்.

இனி கனடா.

கனடாவில் ஒரு வழி இருக்கிறது. அந்நாட்டுக் குடிமக்கள் ஐந்து பேர் சேர்ந்து, இந்த அகதிக்கு முதல் ஓராண்டு சோறும் வீடும் எங்கள் பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டால், அரசு விசாரித்துக் குடியேற்றிக்கொள்ளும். என் சித்தி மகள் அங்கே நர்ஸாக இருக்கிறாள். பாளையங்கோட்டையில் சர்ச் கொயரில் பாடித் திரிந்தவள். அவளிடம் சொன்னேன். ஒரு வாரம் கழித்துப் பேசினாள்.

“அண்ணே, என்னோட சேத்து அஞ்சு பேரு ரெடி. ஆனா ஒத்த ஆளுன்னாத்தான் எங்களால சமாளிக்க முடியும். அவரப் பத்தி ஒரு லெட்டர் அனுப்பு. மத்தவங்க மனசு எளகுத மாதிரி.”

மனசு இளகுகிற மாதிரி எழுத எங்கள் ஊரில் ஆள் இருக்கிறார். கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகத்துக்கு வெளியே, மரத்தடியில் மேசை போட்டு மனு எழுதும் அண்ணாச்சி. திங்கட்கிழமைதோறும் குறைதீர்க்கும் நாளன்று அவரைச் சுற்றி ஒரு கூட்டம் நிற்கும். அவர் எழுதும் எல்லா மனுவுக்கும் முதல் வரி ஒன்றுதான்: ‘ஐயா, உற்றார் உறவினர் எவருமின்றி ஆதரவற்ற நிலையில் வாழ்ந்துவரும் நான்.’ பட்டா கேட்பவரும் அப்படித்தான், பென்ஷன் கேட்பவரும் அப்படித்தான். பின்னால் நான்கு மகன்கள் குடை பிடித்து நிற்க, ‘எவருமின்றி’ என்ற மனுவில் கைநாட்டு வைத்த தாயை நானே பார்த்திருக்கிறேன். அதை யாரும் பொய்யென்று நினைப்பதில்லை. வணக்கம் சொல்வது மாதிரி அது ஒரு முறை. வாங்குகிற அதிகாரியும் அந்த வரியைத் தாண்டித்தான் படிக்கத் தொடங்குவார்.

“கனடா சர்க்காருக்கா?” நாங்கள் இருவரும் போய் விஷயத்தைச் சொன்னதும் அண்ணாச்சி பேனாவை உதறினார். “எந்த ஊரா இருந்தா என்னவே, சர்க்கார் சர்க்கார்தான். எளக வைக்கது என் பொறுப்பு.” பிறகு இவரைப் பார்த்தார். “தம்பி, வீட்டுல யாரும் செத்துருக்காவளா?”

“மாமா மகன். பள்ளிக்கூடம் போற வழியில.”

“ஒரு ஆள்தானா?”

இவர் பையைக் கையில் எடுத்தார். அண்ணாச்சி பேனாவை மேசையில் வைத்தார். “தப்பா எடுத்துக்கிடாதிய. நாப்பது வருசமா இதே கேள்வியக் கேட்டுக் கேட்டு நாக்கு மரத்துப்போச்சு.” இவர் நெஞ்சில் கை வைத்துத் தலையை லேசாக அசைத்தார். மறுநாள் வகுப்புக்குக் கணக்கு தயாரிக்க வேண்டும் என்று கிளம்பிவிட்டார்.

நான் இருந்தேன். மனு முடியும்வரை இருந்தேன். வீட்டுக்குப் போய் அதை ஆங்கிலத்தில் பெயர்த்தேன். ‘எவருமின்றி’ என்ற வரி கண்ணில் பட்டது. சித்தி மகள் ஒத்த ஆள் என்று கேட்டதும் நினைவுக்கு வந்தது. முதலில் இவர் போகட்டும், அப்புறம் அவர்களைக் கூப்பிட்டுக்கொள்ளலாம். அந்த வரியை அப்படியே இருக்க விட்டேன். விட்டதோடு நிற்காமல், மழையில்லாத மலையில் ஒற்றை மரம், அது இது என்று என் கைச்சரக்கையும் சேர்த்தேன். அவரிடம் காட்டவில்லை. அன்று மாலையே மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன். சித்தி மகள் அதைத் தன் முதல் விண்ணப்பக் கடிதத்தோடு இணைத்து, அங்கே குடியேற்ற அலுவலகத்துக்கும் அனுப்பிவிட்டாள்.

இருபது நாள் கழித்துப் படிவம் வந்தது. அவள் எல்லாம் நிரப்பியிருந்தாள். இவர் கையெழுத்துதான் பாக்கி. நான் கீழே லாத்தா வீட்டு முன்னறையில் உட்கார்ந்து பேனாவைத் திறந்து நீட்டினேன். அவர் பேனாவை வாங்கி மூடி, காதில் செருகிக்கொண்டு, முதல் பக்கம் முதல் வரியில் விரலை வைத்தார். நான் தெருவைப் பார்த்தேன், கடிகாரத்தைப் பார்த்தேன், எழுந்தேன், உட்கார்ந்தேன். மூன்றாம் பக்கத்தில் விரல் நின்றது. திருமணம்: இல்லை. குழந்தைகள்: இல்லை. உடன் வருவோர்: எவருமில்லை. கீழே என் கடிதம்.

அதையும் முழுதாக வாசித்தார். ஒற்றை மரம் வரை வாசித்தார்.

“இத யாரு எழுதுனா?”

“நான்தான் தம்பி.”

“அண்ணாச்சி, எம் மக உங்களுக்குப் போன்ல பாட்டுப் பாடிருக்கா.”

“ஆமா.”

“அவளுக்கு உங்க வீட்டுப் பூனையக் காட்டினிய.”

“காட்டுனேன்.”

“அப்ப எவருமில்லன்னு எப்பிடி எழுதுனிய?”

குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். நான் முதலில் நீங்க போயிருங்க, அப்புறம் அவங்க என்று ஏதோ சொன்னேன். அவர் படிவத்தைத் திருப்பிக் கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்தைக் காட்டினார். குடும்பத்தில் யாரை இன்று மறைக்கிறோமோ, அவரை நாளை குடும்பமென்று அழைத்துக்கொள்ள முடியாது. இதுதான் அந்த எழுத்தின் பொருள். நான் அதை வாசிக்கவே இல்லை. கையெழுத்து மட்டும் விழுந்திருந்தால், என் பேனாவே அந்தக் குழந்தையை அவருடைய மகள் இல்லை என்று ஆக்கியிருக்கும்.

லாத்தா முறத்தைத் தள்ளி வைத்தார். “எவருமில்லன்னா எழுதுனிய? நல்லா இருக்கு சார் உங்க படிப்பு. எம் மாப்பிள்ள வருசத்துக்கு ஒரு மாசந்தான் வாராவ. அதுக்காக என்னய ஒத்தப் பொம்பளன்னு எவனாவது எழுதுனா கைய ஒடிச்சிருவேன்.”

அவர் காதிலிருந்து பேனாவை எடுத்தார். இரண்டு ‘இல்லை’களையும் ‘எவருமில்லை’யையும் கோடு போட்டு அடித்தார். மனைவியின் பெயரையும் மகளின் பெயரையும் பெரிய எழுத்தில், போத்தல் சீட்டில் எழுதுவது மாதிரியே, பிறந்த நாளோடு எழுதினார். பிறகு கையெழுத்துப் போட்டார். “அனுப்புங்க அண்ணாச்சி” என்றார்.

அனுப்பினேன். சித்தி மகள் மறுநாளே கூப்பிட்டாள். “மூணு பேருக்குப் பொறுப்புன்னா ரெண்டு பேரு பின்வாங்குதாவ அண்ணே. அஞ்சு பேரு இல்லன்னா இது நடக்காது. அவர்கிட்ட கொஞ்சம் எடுத்துச் சொல்லேன்.”

எடுத்துச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: அந்த ஐந்து பேரோடும் தன்னைப் பேச வைக்க வேண்டும். சம்மதம் வாங்கினேன். அன்றைக்கும் இஸ்திரிச் சட்டை, அன்றைக்கும் பூட்ஸ். என் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்தார். கெஞ்சப் போகிறார் என்று நினைத்தேன். கெஞ்சட்டும் என்றுகூட நினைத்தேன். அவர் ஆங்கிலத்தில் பேசியது மொத்தம் இரண்டு நிமிடம் இருக்காது. “நீங்கள் ஓர் ஆளை எதிர்பார்த்தீர்கள். நாங்கள் மூன்று பேர். உங்களிடம் தவறான கணக்கு வந்ததற்கு மன்னியுங்கள். முடியாதவர்கள் விலகிக்கொள்வதில் எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை, நினைத்ததற்கே நன்றி. பெயரைக் குறைக்க மட்டும் சொல்லாதீர்கள். என் மனைவி தையல் தெரிந்தவர். நான் தண்ணீர் தெரிந்தவன். எங்கள் மகள் நன்றாகப் பாடுவாள். நாங்கள் வந்தால் உங்கள் ஊர் நஷ்டப்படாது.” வணக்கம் சொல்லி எழுந்துவிட்டார்.

இரண்டு பேர் விலகினார்கள். நான்கு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. அந்த நான்கு மாதமும் அவர் போத்தல்களோடு பாபநாசம் போனார், முக்கோணம் முடிந்து வட்டம் ஆரம்பித்தார், மருந்துக்கடைக்காரரிடம் மூன்று விரலை நீட்டினார். என்னால்தான் தாங்க முடியவில்லை. ஒரு நாள் பாலத்தின் மேல் நின்று, “கொஞ்சம் வளைஞ்சு கொடுத்திருக்கலாம் தம்பி” என்று சொல்லிவிட்டேன். கீழே ஆறு வழக்கம்போல நின்று விசாரித்துப் போய்க்கொண்டிருந்தது. “அண்ணாச்சி, நான் வளையலாம். அவங்க ரெண்டு பேர எப்பிடி வளைப்பேன்?” என்றார்.

இடத்தை நிரப்பியது லாத்தா. யாரும் அவரிடம் கேட்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை அவரே கைபேசியை எடுத்து உட்கார்ந்தார். “ரெண்டு பேரு போனா என்ன, எங்க ஆளுவ உலகம் பூரா கெடக்காவ” என்று சொல்லிவிட்டு, துபாயில் தொடங்கி, சிங்கப்பூர் வழியாக, கனடாவில் அண்ணன் மகள் வீட்டில் போய் நின்றார். நானும் அறையில் இருந்தேன்.

“ஏட்டி, நீ மாசமா இருக்கையில ஒன் மாப்பிள்ள ஒன்னய விட்டுட்டுப் போய் அங்கன ஒத்தையில கெடந்தானே, நெனப்பிருக்கா? அழுது அழுது எம் மடிய நனைச்சியே? இங்கன ஒரு தம்பி அஞ்சு வருசமா அப்பிடி இருக்கு. அழவுமில்ல. நீயும் அவனும் கையெழுத்துப் போடுங்க. யோசிச்சு சொல்லுதேன்னு சொன்னா நான் போன வைக்க மாட்டேன்.”

போனை வைத்தபோது ஐந்து பேர் ஆகியிருந்தார்கள். மலைக்காரர் மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தார். இறங்கி வந்து, லாத்தாவுக்கு எதிரில் நெஞ்சில் கை வைத்து நின்றார். அன்று அவருக்குத் தமிழ் வரவில்லை. பாரசீகத்தில் என்னவோ சொன்னார். லாத்தா, “சரி சரி, ஃபேன மாத்துததுக்கு ஆளக் கூட்டியா” என்றார்.

விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வந்தது. ஆட்கள்: மூன்று. அந்த எண்ணைத்தான் அவர் எல்லோரிடமும் விரல் வைத்துக் காட்டினார். டீக்கடையில் காட்டினார், மரத்தடி அண்ணாச்சியிடமும் போய்க் காட்டினார். அண்ணாச்சி வெகுநேரம் பார்த்துவிட்டு, “எவருமின்றின்னு போடாமலே எடுத்துக்கிட்டானா?” என்று கேட்டார். தொழிலில் முதல் அடி விழுந்த முகம் அது.

பிறகு டெல்லிக்கு நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். திருநெல்வேலி ஜங்ஷனில் ரயில் ஏற்றிவிட்டோம். மாடிச் சாவியை லாத்தாவிடம் நீட்டினார். லாத்தா வாங்கவில்லை.

இதை எழுதும்போதும் முடிவு வரவில்லை. ஆண்டுகள் ஆகலாம் என்கிறாள் சித்தி மகள். அவர் டெல்லியிலேயே ஓர் அறையில் தங்கிவிட்டார்; கணக்கு வகுப்பு அங்கிருந்து நடக்கிறது. யமுனையைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறார். மாடியில் புது ஃபேன் சத்தமில்லாமல் ஓடுகிறது. வாரத்துக்கு ஒருமுறை லாத்தா போட்டுப் பார்க்கிறார்.

நேர்காணல் முடிந்த அன்று அவர் என்னைக் கூப்பிட்டதை மட்டும் சொல்லி முடிக்கிறேன். நான் வகுப்பிலிருந்து வராந்தாவுக்கு ஓடி வந்தேன். எனக்குள் ஒரு பயம் இருந்தது. ஒற்றை மரம் எழுதிய அந்தக் கடிதம் கோப்புக்குள் கிடக்கிறதே. ஒரே மனிதர், இரண்டு கணக்கு. பொய் சொன்னவர் என்று முத்திரை விழுந்தால் மூன்று பேருக்கும் சேர்த்துக் கதவு மூடிவிடும்.

“கேட்டாவ அண்ணாச்சி. விசாரிச்ச அதிகாரி அம்மா ரெண்டு தாளையும் பக்கத்துல பக்கத்துல வச்சாவ. இதுல எவருமில்ல, இதுல மூணு பேரு. எது உண்மைன்னு கேட்டாவ.”

“எல்லாம் நான் செஞ்ச தப்புன்னு சொல்லிர வேண்டியதுதானே தம்பி? எம் பேரு, அட்ரஸ் எல்லாம் கொடுத்திருக்கலாமே.”

“உங்கள ஏன் சொல்லணும்? மூணுதான் உண்மைன்னு சொன்னேன். இன்னொண்ணு மனுன்னு சொன்னேன். எங்க ஊர்ல யாரு மனு எழுதினாலும் எவருமில்லன்னுதான் ஆரம்பிப்பாவ. எழுதும்போது அவனுக்குப் பின்னால நாலு பேரு நிப்பாவ. எனக்கும் நின்னாவ. அப்பிடிச் சொன்னேன்.”

அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

“அந்த அம்மா சிரிச்சிட்டாவ. எங்க ஊருன்னா ஆப்கானிஸ்தான்லயான்னு கேட்டாவ.”

“நீங்க என்ன சொன்னிய?”

“இல்லம்மா, மேலப்பாளையம்னு சொன்னேன். எழுத்து எழுத்தா கேட்டாவ. பையப் பையச் சொன்னேன். எழுதிக்கிட்டாவ அண்ணாச்சி.”